காசில்லாத காலத்துப் பால்

பால் எடுக்கிற மெஷினை மாரில் வைத்து ஏழு நிமிஷம் ஆகிவிட்டது, பாட்டிலில் இன்னும் ஒரு கோடு ஏறவில்லை. ஒரு கோடு என்றால் ஐந்து எம்எல். மூன்று கோடு ஏறினால் போதும், பாப்பாவுக்கு ஒரு வேளைக்குப் பதினைந்துதான், மூக்கில் போட்டிருக்கிற குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். மூன்று கோடு. போன வாரம் இதே நாற்காலியில் இதே மெஷினில் அறுபது எடுத்தேன், பதினைந்து பாப்பாவுக்குப் போக மிச்சத்தைச் சிஸ்டர் வேறு பாட்டிலில் ஊற்றி, நம்பர் ஒட்டி, பால் வங்கி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். "நல்லா ஊறுதும்மா உனக்கு" என்றார்கள். அவர்கள் கண்தான் பட்டதோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன், அப்புறம் அது இல்லை என்று தெரிந்தது, எது என்று எனக்குத் தெரியும், நைட்டிப் பையில் இருக்கிறது, நாலாக மடித்த இருநூறு ரூபாய் நோட்டு. உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறது. நோட்டு குத்துமா, குத்தாது, ஆனால் குத்துகிறது. நான் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்கிறார்கள், எனக்கு அது வராது, முதல் நாள் அழுகையே வந்தது, மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி. இப்போது அழுகை வருவதில்லை. எதுவும் வருவதில்லை. சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது, ஒருத்தி கொழுகொழு பிள்ளையை மடியில் வைத்துச் சிரிக்கிறாள். அந்தப் பிள்ளை நாலு கிலோ இருக்கும். என் பாப்பா ஒன்று இருநூற்று நாற்பது. ஏழு மாசத்தில் பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள், இன்னும் பேர் வைக்கவில்லை, கண்ணாடிப் பெட்டியில் "முனீஸ்வரி பேபி" என்று என் பேரைத்தான் எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது நாளாக நானே பெட்டிக்குள் கிடக்கிற மாதிரி இருக்கிறது அந்தச் சீட்டைப் பார்த்தால்.

பின்னால் பிரிஸ்கா அக்காதான் பேச்சை ஆரம்பித்தது. அதற்கு இரட்டைப் பிள்ளை, காலேஜ் படித்தது, ஒரு கையில் பாட்டில் ஒரு கையில் போன் என்று எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். "ஏ முனீசு, இதைக் கேளேன். இன்னும் அம்பது நூறு வருஷத்துல காசுன்னு ஒண்ணே இருக்காதாம்." நான் சுவரைப் பார்த்தபடியே, "போன்ல அனுப்புற மாதிரியாக்கா?" என்றேன். "அதுவும் கிடையாதாம்டி. கணக்கே கிடையாதாம். வேணுங்கிறதை எடுத்துக்கிற வேண்டியது, முடிஞ்சதைச் செஞ்சு குடுக்க வேண்டியது." தரை துடைத்துக்கொண்டிருந்த சொர்ணம் ஆயாம்மா மாப்பை நிறுத்தியது, அந்தச் சத்தம் நின்றதில் தெரிந்தது. "அப்ப பிள்ளை பிறந்திருக்குன்னு நான் வந்து சொன்னா என்ன தருவீங்க?" என்றது. "ஒண்ணும் கிடையாது ஆயாம்மா, வாயால ஒரு நன்றி." "நன்றியைக் கொண்டு போயி எந்தக் கடையில குடுத்து உளுந்து வாங்க?" "கடையிலயும் காசு கேக்க மாட்டாங்க." "கேக்க மாட்டானா? அப்ப நான் ஏன் இந்தக் கக்கூஸைக் கழுவுறேன்? அந்த அம்பது வருஷம் கழிச்சு வர்றவனைக் கழுவச் சொல்லு, நான் சீலையை மடிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போறேன்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் பால் நன்றாக வரும் என்று சிஸ்டர் சொல்வார்கள், நானும் சிரித்துப் பார்த்தேன், சுவர்ப் படத்துக்காரியைப் பார்த்து, அவளை மாதிரியே வாயை வைத்து. ஒன்றும் வரவில்லை. கோமதி சிஸ்டர் ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டே, "எதுக்கு அம்பது வருஷம்? இந்த ரூம்ல இப்பவே அப்படித்தான். பால் வங்கியில காசு கிடையாது. யாரு குடுத்தாலும் வாங்கிக்கிருவோம், எந்தப் பிள்ளைக்கு வேணும்னாலும் குடுப்போம். காசு பேசினா வங்கியை மூட வேண்டியதுதான்" என்றார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார்கள். என் முதுகைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. முதுகுக்கு எப்படித் தெரியும், தெரிந்தது.

காசே இல்லாத காலம். எப்படி இருக்கும். பஸ்ஸில் கண்டக்டருக்குத் தோளில் பை இருக்காது, விசில் மட்டும் இருக்கும், எந்த ஊர் என்று கேட்க மாட்டார், அப்போது எங்கே இறங்குவது என்று யார் நமக்கு ஞாபகப்படுத்துவார்கள். தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு வரிசை நிற்காது. நான் ஆறாம் வகுப்போடு நிறுத்தி அங்கே போனவள், எட்டு வருஷம், சனிக்கிழமை என்றாலே எனக்கு அந்த வரிசைதான், வரிசை இல்லாத சனிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கும். தீப்பெட்டி மட்டும் வேண்டும்தானே, அடுப்பு எரிய வேண்டும்தானே, அப்போது யாராவது ஒட்டத்தானே வேண்டும், சும்மா ஒட்டுவேனா, ஒட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன், எனக்கு வேறு என்ன தெரியும். கல்யாணத்தில் எத்தனை பவுன் என்று கேட்க மாட்டார்கள். பிறகு என்ன கேட்பார்கள். ஏதாவது கேட்பார்கள். எடையைக் கேட்பார்கள், இங்கே கேட்கிற மாதிரி, நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, பத்து கிராம் கூடினால் சிரிக்கிறார்கள், பத்து கிராம் குறைந்தால் ஃபைலைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகிறார்கள். பிள்ளை பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் கையில் பத்தோ ஐம்பதோ வைத்து மூடிவிடுவார்களே, பிள்ளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமே, "பாரு, இப்பவே விட மாட்டேங்கு" என்று சிரிப்பார்களே, அந்தக் காலத்தில் எதை வைப்பார்கள். விரலைத்தான் வைக்க வேண்டும். என் பாப்பா கையில் இன்னும் யாரும் எதுவும் வைக்கவில்லை. பார்க்கவே விடுவதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் மட்டும் கட்டட வேலையை விட்டுவிட்டு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். வெகுநேரம் நின்றார். அப்புறம் "விரல் அஞ்சும் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறது மனசு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். கருப்பசாமி அண்ணன் வந்து நின்றார். அண்ணன் என்று நான்தான் மனசுக்குள் வைத்திருந்தேன், அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியது இல்லை. புரோட்டா மாஸ்டர், விரல் நகத்தில் மைதா காய்ந்திருக்கும். அவர் சம்சாரம் நாகஜோதி பிரஷர் ஏறி வலிப்பு வந்து, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துவிட்டு, நினைவில்லாமல் மேல் மாடியில் கிடந்தாள். பிள்ளை என் பாப்பாவுக்கு அடுத்த பெட்டி. ஆம்பளைப் பிள்ளை. தாய்ப்பால் இல்லாமல் வங்கிப் பால்தான், அந்த வாரம் வங்கிக்கு என் பால்தான் அதிகம் போனது, சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை, சொர்ணம் ஆயாம்மாதான் என்னைக் கைகாட்டியிருக்கிறது. "தங்கச்சி" என்றார். நான் பிளாஸ்க் மூடியைப் பார்த்தேன். "சும்மா வாங்கக் கூடாதாம் தங்கச்சி. எங்க ஆத்தா சொல்லும், பாலைச் சும்மா குடிச்சா அந்தக் கடன் பிள்ளை தலையில நிக்குமாம், அடுத்த பிறவியில மாடாப் பிறந்துதான் கழிக்கணுமாம். மறுத்துராத." நோட்டைப் பெஞ்சில் வைத்து, அதன் மேல் என் பிளாஸ்க் மூடியைக் கவிழ்த்துவிட்டு விறுவிறு என்று போனார். அவருக்கும் கூச்சம்தான். என் அம்மா சொன்னது வேறு. பாலை வித்தா மாரு வத்திரும். அம்மா இட்லி மாவு கலக்குகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லும், எதற்கு என்னிடம் சொன்னது என்றே ஞாபகம் இல்லை, சொன்னது மட்டும் நிற்கிறது. வேண்டாம்ணே என்று ஒரு வார்த்தை, எழுந்து நாலு எட்டு வைத்துக் கொடுத்திருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வாய் வராது. ஆயாம்மா மாப்போடு வருவதைப் பார்த்து, அது பார்த்துவிடக் கூடாது என்று நோட்டைப் பையில் போட்டேன். அதுதான் தப்பு. பெஞ்சில் இருந்தவரைக்கும் அது அவர் நோட்டு, பையில் போட்டதும் நான் விற்றவள். அவர் பிள்ளைக் கடனைக் கழித்துவிட்டுப் போனார், அந்தக் கடன் என்னிடம் வந்து உட்கார்ந்தது. காசு இல்லாத காலமாக இருந்தால் அவர் என்ன செய்திருப்பார். நின்றிருப்பார். தங்கச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருப்பார், என் பையில் ஒன்றும் இருந்திருக்காது.

சனிக்கிழமை கொடுத்துவிடலாம் என்று போனேன், மாடிப்படியில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த பெட்டியில் விளக்கு அணைந்திருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள், அவர் அதை வாங்கியது ஏதோ சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரி இருந்தது, அப்படி நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. நான் அழவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது வந்த நினைப்பு நெற்றிக்காசு. எங்கள் பக்கம் செத்தவர் நெற்றியில் ஒரு ரூபாயை வைத்துத்தான் தூக்குவார்கள். அந்த நெற்றிக்கு ஒரு ரூபாய் பெரிசு. புருவம் இரண்டையும் மறைக்கும். ஒரு ரூபாயை விடச் சின்னக் காசு இப்போது எங்கே இருக்கிறது. வைத்தார்களோ, இவ்வளவு சின்னதுக்கு வைக்கிறதில்லையோ. காசே இல்லாத காலத்தில் எதை வைத்து அனுப்புவார்கள். ஒன்றும் வைக்காமல், நெற்றி நெற்றியாகவே போகும். அன்றைக்குப் பத்து மணி வேளைக்கு நாற்பது வந்தது. அடுத்த வேளை இருபத்தைந்து. திங்கள் பதினெட்டு. செவ்வாய் பன்னிரண்டு. சிஸ்டர், "நல்லாச் சாப்பிடு, கவலைப்படாத, தூங்கு" என்றார்கள். தூங்கினேன். நன்றாகத்தான் தூங்கினேன், கல்லு மாதிரி. பன்னிரண்டு போய் பதினொன்று. குறைந்ததை வங்கிப் பால் வைத்து நிரப்புகிறார்கள், ஃபிரிட்ஜில் இன்றைக்கு ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது என்று நாலு பேர் கேட்கத்தான் சிஸ்டர் சொன்னார்கள். அது தீர்ந்தால் பவுடர். பவுடர் இந்த எடைப் பிள்ளைக்கு வயிற்றுக்குள் புண்ணாக்கிவிடும் என்று பெரிய டாக்டர் சொன்னார், அடுத்த பெட்டிப் பிள்ளைக்கு முதலில் பவுடர்தான் கொடுத்தார்களாம், என் பால் அப்புறம்தான் போனதாம். முதலில் எது, அப்புறம் எது. ஒரு கோடு ஏறிவிட்டது. ஐந்து.

கதவு திறந்தது. பேச்சு நின்றது. மாப் சத்தமும் நின்றது. திரும்பிப் பார்க்காமலே யாரோ என்று இருந்தேன். சிஸ்டர், "இப்படி உக்காரும்மா, மெதுவா, தையலைப் பிடிச்சுக்க" என்று என் பக்கத்து நாற்காலிக்குக் கூட்டி வந்தார்கள். இந்த மூலையில்தான் நாற்காலி காலி. வந்தவள் நைட்டி முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. "திங்கக்கிழமைதான் நினைவு வந்துச்சு. மாரு கல்லாக் கட்டி, நெறி கட்டிக் காய்ச்சல் வரப் பார்க்குது, எடுத்துவிட்டாத்தான் ஆகும். இதுதான்மா நாகஜோதி" என்று சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள், எல்லோருக்கும். நாகஜோதி சுவரைப் பார்த்தாள். படத்துக்காரியைப் பார்த்தாள். மெஷினை எப்படி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, தலைகீழாகப் பிடித்தாள். நான் கையை நீட்டி வாங்கித் திருப்பி, வைத்துக் காட்டினேன். "நோகும். கொஞ்ச நேரம்தான்" என்றேன். என் குரலா அது. அவள் பால் மெஷின் போடுவதற்கு முன்னாலேயே வழிந்தது, மஞ்சளாக, கெட்டியாக. பாட்டிலில் பத்து, இருபது, முப்பத்தைந்து. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஐம்பது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, யார் வீட்டுக் குழாயோ ஓடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். "இது யாருக்குப் போகும்?" என்றாள். "காய்ச்சி, டெஸ்ட் பார்த்து, நாளைக்குப் பால் பத்தாத பிள்ளைக்கும்மா" என்றார்கள் சிஸ்டர். "யாரு பிள்ளை?" "அதைச் சொல்லக் கூடாதும்மா." நாகஜோதி என் பாட்டிலைப் பார்த்தாள். ஆறு, ஏழு. துண்டை இழுத்து மூடினேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.

கை பையில் இருந்தது. எப்போது போனது தெரியாது. கொடுத்துவிடு, இவள் வீட்டு நோட்டு, கொடுத்தால் நான் விற்கவில்லை என்று ஆகும். ஆனால் இவளிடம் கொடுத்தால் இவள் விற்றவள் ஆகிவிடுவாளே, இவள் பால்தானே நாளைக்கு என் பாப்பாவுக்கு. விற்றால் வற்றும். வற்றினால் இவளுக்கு நல்லதுதானே, கட்டாது, நோகாது, நைட்டியில் வட்டம் வராது, யாரும் குடிக்காத பாலை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வாள். வற்றினால் பாப்பாவுக்குப் பவுடர். இவளுக்கு நல்லது, பாப்பாவுக்குக் கெட்டது. கொடுக்காவிட்டால் எனக்கு வற்றும். இருநூறு ரூபாய்க்குள் இத்தனை இருக்கிறதா. நான் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "உங்க வீட்டுக்காரர் தந்தது." "எதுக்கு?" பிரிஸ்கா அக்கா போனை அணைத்தது கேட்டது. "பாலுக்கு" என்றேன். நாகஜோதிக்கு அது புரிய நேரம் ஆனது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அறுபது. அப்புறம் அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என் மாரைப் பார்த்தாள், துண்டுக்கு மேலே, வெட்கமில்லாமல், பிள்ளை பார்க்கிற மாதிரி. "குடிச்சானா?" என்றாள். "அக்கா, நான் அவனைக் கண்ணால பார்க்கல. போட்டோதான் காமிச்சாங்க. குடிச்சானா அவன்?" முப்பதை நெருங்குகிற அவள் என்னை அக்கா என்கிறாள், எனக்கு இருபத்திரண்டு. "குடிச்சான்" என்றேன். "ஆள் இல்லைன்னு சிஸ்டர் ஒரு நாள் பால் ஊத்தின ஊசிக்குழலை என் கையில குடுத்தாங்க. நான்தான் பிடிச்சிருந்தேன். பத்து எம்எல். எல்லாம் இறங்குச்சு." "அப்புறம்?" "கடைசியில நாக்கை வெளிய நீட்டினான். ருசி பார்க்கிற மாதிரி. குழாய் வழியாப் போறது நாக்குக்குத் தெரியாதும்பாங்க. ஆனா நீட்டினான்." "நீட்டினானா." "ரெண்டு தரம்." அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான், அவர் நோட்டை வைக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் போதும். பிறகு அவள் நோட்டை எடுத்து என் பைக்குள்ளேயே திணித்தாள், வாங்குகிறாயா என்று கேட்காமல், அவர்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது. "உன் பிள்ளை என்ன பிள்ளை?" "பொம்பளைப் பிள்ளை." "அது கையில வை. நான் பார்க்க வந்தேன்னு இருக்கட்டும்."

மூன்று மணிக்குப் பாட்டிலோடு உள்ளே போனேன். எட்டு. எட்டுக்கு மேல் ஏறவில்லை, அவளிடம் பேசியதால் கூடிவிடும் என்று நினைத்தேன், கூடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நோட்டைத் தீக்குச்சி அளவுக்கு உருட்டிப் பிடித்துக்கொண்டு பெட்டிக் கதவில் கையை வைத்தேன். கோமதி சிஸ்டர், "என்னம்மா அது கையில? காசா? அதெல்லாம் உள்ள வரக் கூடாது, கிருமி. வெளிய வை, கையை மறுபடி கழுவு" என்றார்கள். சரிதான். பைக்குள் போட்டேன், மறுபடி கழுவினேன். வெளியே எல்லோருக்கும் காசு இருக்கிறது, ஆயாம்மாவுக்கு, கருப்பசாமி அண்ணனுக்கு, கண்டக்டருக்கு, எனக்கு. பெட்டிக்குள் இருக்கிறவளுக்கு இன்னும் அந்தக் காலம்தான். விரலை வைத்தேன். என் சுண்டுவிரல் நுனியை ஐந்து விரலாலும் மூடினாள், பிடித்தாளா, தொட்டாளா, சொல்லத் தெரியவில்லை. சிஸ்டர் என் பாலை ஊசிக்குழலில் ஊற்றி, ஃபிரிட்ஜ் பாட்டிலிலிருந்து மிச்சத்தை நிரப்பி என் கையில் கொடுத்தார்கள். "உயரமாப் பிடி. அமுக்காத, தன்னால இறங்கட்டும்." பிடித்தேன். எட்டு என்னுடையது, ஏழு யாருடையதோ, போன வாரத்து என்னுடையதாகக்கூட இருக்கலாம். பதினான்கு. பதின்மூன்று. நாக்கை நீட்டுவாளா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.